என் மகளின் இடது பாதமும் எலும்பு டாக்டரும்

என் மகள் பிறந்ததும் மருத்துவச்சி "பொம்பளப் புள்ள" என்றார். அதற்குப் பிறகு வழக்கமாகச் சொல்லும் நல்ல வார்த்தை எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வெந்நீர் கேட்டார், துணி கேட்டார், பிள்ளையை இறுக்கிச் சுற்றி என் பக்கத்தில் போட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார். அடுப்போ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து துணியை நானே அவிழ்த்துப் பார்த்தேன்.

வலது கால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பது போலத்தான் இருந்தது. இடது பாதம் மட்டும் கணுக்காலிலிருந்து உள்ளே திரும்பி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. குதிகால் மேலே ஏறிக் கிடந்தது. விரலால் தள்ளினால் கொஞ்சம் இணங்கியது, விட்டதும் பழைய இடத்துக்கே போய்விட்டது. இவள் எப்படி நடப்பாள் என்ற கேள்வி அந்த நிமிடமே எனக்குள் விழுந்துவிட்டது. அது எழுந்து போக ஆறேழு வருடம் ஆனது.

இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒரே அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் சின்னத் தாழ்வாரம். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் கிடைத்த வேலை. ஊரார் பிள்ளைகளின் காலையெல்லாம் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு கால் வந்து பிறந்ததே என்று லயம் முழுக்கப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. என் காதில் விழும்படி பேசியவர்களுக்கு அங்கேயே பதில் கொடுத்தேன்.

பதில் கொடுக்க முடியாத ஒரே ஆள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், பக்கத்துக் காம்பராவில் இருந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"கிரகணத்தன்னிக்கு நீ காலை மடக்கி உக்காந்திருப்ப. அதான் புள்ள காலு மடங்கிருச்சு" என்றார்.

"எந்தக் கிரகணம் அண்ணி? நான் கிரகணத்தையே பாக்கலயே."

"பாக்காம உக்காந்திருப்ப."

குற்றத்தை என் தலையில் கட்டியாகிவிட்டது. வைத்தியத்தையும் அவரே ஆரம்பித்தார். தினமும் காலையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை அதன்மேல் போட்டு, நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அந்தப் பாதத்தைப் பிடித்து இழுப்பார். மூக்கை நீவினால் மூக்கு எடுப்பாகும், தலையை உருட்டினால் தலை உருண்டையாகும், அப்படியே காலும் வழிக்கு வரும் என்பது அவர் கணக்கு. பிள்ளை வீரிட்டு அழும். பாதம் எண்ணெயில் பளபளத்ததே தவிர அசைந்து கொடுக்கவில்லை.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருந்தவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். உண்மையில் அவர் மருந்து கலந்து கொடுப்பவர்தான். அவர் காலைப் பார்த்ததும் பேச்சை வளர்க்காமல், "இது என் கையில இல்ல. பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. எலும்பு டாக்டர் இருக்கார்" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டை வாங்கிக்கொண்டேன், போகிற எண்ணம் மட்டும் வரவில்லை.

ஏன் என்றால் எலும்பு டாக்டர் யார் என்று எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும். காலை வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்தில் ஒரு காவல்காரர் இருந்தார். இரண்டு காலோடு பதுளைக்குப் போனார், ஒரு காலோடு திரும்பி வந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றி அவர் லயத்துப் பாதையில் போவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்ப்போம். கை முறிந்தால் கிராமத்துச் சிங்கள வைத்தியரிடம் போய்ப் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டு வருவோம். எலும்பு டாக்டரிடம் மட்டும் போகமாட்டோம்.

நாத்தனார் சொன்னார்: "கோணக் காலா இருந்தாலும் அது காலுதான். அவங்ககிட்ட குடுத்தா அதுவும் இல்லாமப் போயிரும்."

இதைக் கேட்டுவிட்டு நான் நேராகப் போனது அந்தக் காவல்காரரிடம்தான். இத்தனை வருடத்தில் எல்லோரும் அவரைக் காட்டிப் பேசினார்களே தவிர, ஒருவரும் அவரிடம் போய்க் கேட்டதில்லை. நான் கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் காலு அழுகிப் புழு வச்ச பெறகுல்ல போனேன். அதுக்கு முந்தி ஆறு மாசம் மஞ்சளும் சாணியும் வச்சுக் கட்டிக்கிட்டு இருந்தேன். அவங்க வெட்டலேன்னா நான் மண்ணுக்குள்ள இருப்பேன். நீ கெளம்பு புள்ள. நாள் கடத்தாத."

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. முழுவதும் வந்தது என்று சொன்னால் பொய். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். "போய்த்தான் பாப்போமே" என்றார். நாற்பது நாள் கழிந்ததும் பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கீழே ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே நீளமாக ஒரு வாங்கு, மரப் பெஞ்சு. அதில் உட்கார்ந்ததும் நான் முதலில் செய்த வேலை, அறைக்குள் போகிறவர்களின் கால்களைப் பார்த்து வைத்துக்கொள்வது. வெளியே வரும்போது அதே கால்களோடு வருகிறார்களா என்று சரிபார்ப்பது. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். கைமுட்டியை நீட்ட முடியாத பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி கட்டுப் பிரித்து வந்து, கொஞ்சம் நீட்டித் தாய்க்குக் காட்டினாள். முழங்கால் வீங்கிய கொழுந்துக்காரி ஒருத்தியைப் படுக்க வைத்து மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு மேட்டு மலைக்குப் போகவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாராம். வெளியே வந்தவள், "வெட்டவும் இல்ல, ஊசியும் போடல. இதுக்கா விடியக்காலம் வந்தேன்" என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள். ஒருவர் காலும் குறையவில்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டர் சிங்களவர், ஒல்லியான மனிதர், எங்களைவிட அதிகம் வயதிருக்காது. தமிழ் அரைகுறையாகத் தெரியும். தெரியாத இடத்தில் பக்கத்தில் நின்ற அட்டெண்டன்ட் கைகொடுப்பார். அந்த அட்டெண்டன்ட் பதுளை டவுன்காரர், மூன்று மொழியிலும் அதட்டத் தெரிந்தவர். டாக்டர் காலைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் இழுக்கவில்லை. முதலில் நல்ல காலைத்தான் தொட்டார். அதை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பு, முதுகெலும்பு, இரண்டு கைகள், கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கோணல் இருப்பது பாதத்தில், இவர் கழுத்தைப் பார்க்கிறாரே என்று அட்டெண்டன்டிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு எடத்துல கோணல் இருந்தா மத்த எடத்தையும் பாக்கணும். அதுதான் இவங்க வேலை. நீ சும்மா நில்லு தங்கச்சி" என்றார் அவர்.

கடைசியில்தான் இடது பாதத்துக்கு வந்தார். ஒரு பெருவிரலால் பாதத்தின் வெளிப்பக்கத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அதை அழுத்தினார். மற்றக் கையால் முன்பாதத்தை மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்தார். நாத்தனார் இழுக்கும்போது வீரிடும் என் பிள்ளை, வாயில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வரும் என்று அவர் கை நிறுத்திய இடத்தில், அவர் சொல்லுக்கு இன்னொருவர் நனைத்த கட்டுத்துணியைச் சுற்ற ஆரம்பித்தார். விரல் நுனியிலிருந்து தொடை வரை வெள்ளையாக மாவுக்கட்டு. அது இறுகும்வரை டாக்டர் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வெட்ட மாட்டீங்களாய்யா?" நான் கேட்டேவிட்டேன்.

அவர் அட்டெண்டன்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் வெட்டுறது? சின்னப் பிள்ளை. எலும்பு இன்னும் குருத்து. ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பலாம். சில பிள்ளைக்குக் குதிக்கு மேலே நரம்பு இறுக்கம். அதுக்குச் சின்னதாக் கீறணும். அப்பிடி வந்தா முதல்ல சொல்லுவேன். சொல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன்."

வாசல் வரை வந்த பிறகு எனக்கு இன்னொன்று கேட்கவேண்டியிருந்தது. திரும்பிப் போய், கிரகணத்தில் கால் மடக்கி உட்கார்ந்தால் இப்படி வருமா என்று கேட்டேன். அட்டெண்டன்ட் அதைச் சிங்களத்தில் சொல்ல, டாக்டர் சிரிக்கவில்லை. "வயித்துக்குள்ளேயே சில பிள்ளைக்கு இப்பிடி வளருது. அம்மா தவறு இல்ல. யார் தவறும் இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த மனிதருக்கு நான் கோயில் கட்டுவேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய் என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, உங்க அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கிழமைக்கு ஒரு தடவை பதுளைப் பயணம். பழைய மாவுக்கட்டை ஊறவைத்துப் பிரிப்பார்கள். டாக்டர் அதே பெருவிரலை அதே இடத்தில் வைத்துப் போன தடவையைவிட இம்மி கூடுதலாகத் திருப்புவார், புதுக் கட்டு போடுவார்கள். பாணுக்கே, அதாவது ரொட்டிக்கே, மாவு கிடைக்காமல் வரிசையில் நின்ற காலம் அது. பஸ்ஸில் கண்டக்டர் பிள்ளையின் காலைப் பார்த்து, "எங்களுக்குத் திங்க மாவில்ல, இந்த நோனாவுக்குக் காலுக்கெல்லாம் மாவு" என்று அவளைச் சீமாட்டியாக்கிக் கேலி செய்வார். அது வேறு மாவு என்று தெரிந்துதான் சொல்வார். நானும் சிரித்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொள்வேன்.

அந்த வாங்கில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எலும்பு டாக்டர் என்பவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. முறிந்ததை ஒட்டவைப்பது அவர் வேலையில் ஒரு துண்டுதான். எலும்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற நேரத்தில் அது கோணாமல் நேராக இருக்கிறதா என்று காவல் இருப்பது அவர் வேலை. மூட்டு எவ்வளவு மடங்கும், எந்த இடத்தில் வலிக்கும், வலி தசையிலா, நரம்பிலா, எலும்பிலா என்று தொட்டும் நடக்கவிட்டும் பார்த்துப் பிரித்தறிவார். தோள் வலி என்று வந்தவரின் கழுத்தைப் பார்ப்பார். முழங்கால் வலி என்று வந்தவரை நடந்து காட்டச் சொல்லி இடுப்பைப் பார்ப்பார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும், பிறகு படத்தைக் கீழே வைத்துவிட்டு ஆளைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். அவர் வெட்டியதும் உண்டு. நொறுங்கிய தொடை எலும்புக்குள் கம்பி வைத்த ஒரு லாரிக்காரரை அந்த வாங்கில் பார்த்தேன். படுத்த படுக்கையாகப் போயிருக்க வேண்டியவர். அவர்தான் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வெட்டுவது கடைசியில், வேறு வழியில்லாதபோது. எங்கள் தோட்டத்தில் நாங்கள் கடைசியில் மட்டுமே போனோம், அதனால் கடைசியை மட்டுமே பார்த்திருந்தோம்.

மாதங்கள் போயின. ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது பாதம் நேராக இருந்தது. உள்ளங்கால் கீழே பார்த்தது. குதிகால் இறங்கியிருந்தது. கீறவும் தேவைப்படவில்லை. டாக்டர் அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "இப்ப பாருங்க" என்றார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவர் ஒரு சோடி சப்பாத்தைக் கொடுத்தார். கயிறு கட்டும் ஷூ மாதிரி இரண்டு சின்னத் தோல் சப்பாத்து, நடுவில் ஓர் இரும்புப் பட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. மாட்டினால் இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். குளிக்கவைக்கும் நேரம் தவிர ராவும் பகலும் காலில் இருக்கவேண்டும் என்று டாக்டரும் சொன்னார், அட்டெண்டன்டும் இரண்டு தடவை சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சப்பாத்துப் போட்டவள் ஏழெட்டு மாதம்கூட ஆகாத என் மகள்தான். என் வீட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு ஒரு சோடி உண்டு. அது டவுனுக்குப் போகும்போது மட்டும் காலில் ஏறும். எனக்கு அதுவும் கிடையாது. வெளியே போய் வந்தால் காலைக் கழுவிவிட்டுத்தான் காம்பராவுக்குள் கால் வைப்போம். இருப்பது ஒரே காம்பரா. அதில்தான் சாமி, அதில்தான் சமையல், அதில்தான் படுக்கை. சுவரில் முருகன் படம், அதற்கு நேர் கீழே பிள்ளையின் பாய். அந்த இடத்தில் மாட்டுத்தோல் சப்பாத்தோடு ஒரு பிள்ளையை விடிய விடியப் படுக்கவைப்பதா? நாத்தனார் கேட்கவே தேவையில்லை, எனக்கே மனம் ஒப்பவில்லை.

யோசித்துப் பார்த்தேன். பகலில்தான் பிள்ளை காலை உதைக்கிறாள், ஊன்றப் பார்க்கிறாள். சப்பாத்துக்குப் பகலில்தான் வேலை. தூங்கும்போது கால் எங்கே நடக்கப்போகிறது? ஆகவே காலையில் பிள்ளைக்காம்பராவுக்குக் கிளம்பும்போது இஸ்தோப்பில் வைத்துச் சப்பாத்தை மாட்டுவேன். இடுப்பில் தூக்கினால் இரும்புப் பட்டை விலாவில் குத்தும், பரவாயில்லை. சாயங்காலம் வந்ததும் இஸ்தோப்பிலேயே கழற்றி, வீட்டுக்காரர் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கொண்டுபோவேன். இதில் என்ன தப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் லயத்தில் எந்தத் தாயும் இதைத்தான் செய்திருப்பாள்.

ஆனால் பாதத்துக்கு எங்கள் வழக்கம் தெரியாதே. கொஞ்ச நாளில் சப்பாத்து சிரமப்பட்டு ஏறியது. பிறகு ஒரு நாள் எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தேன், விரல்கள் உள்பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தன. குதிகால் கொஞ்சம் ஏறியிருந்தது. அத்தனை மாதப் பயணம், அத்தனை கட்டு, எல்லாம் போச்சு. இனிமேல் டாக்டருக்கு வேறு வழி கிடையாது, வெட்டத்தான் போகிறார் என்று மனம் அடித்துச் சொன்னது. பதுளைக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளையின் இடது பாதத்தைக் கைக்குள் பொத்தியே வைத்திருந்தேன்.

அந்த டாக்டருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அன்று மிக மெதுவாகப் பேசினார். "சப்பாத்து எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ராவுல போட்டீங்களா?"

"இல்லைங்கய்யா."

"ஏன்?"

சாமி படம், ஒரே காம்பரா, மாட்டுத்தோல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கோபமும் வந்தது. "நாங்க வீட்டுக்குள்ள செருப்புப் போட மாட்டோங்கய்யா. தூங்குற காலுக்கு எதுக்குச் செருப்பு?"

அட்டெண்டன்ட் வாயைத் திறந்தார், அதட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தன் காலிலிருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். "நானும் வீட்டுல வாசல்லதான் கழட்டுறது" என்றார். பிறகு சிங்களத்தில் நிறையச் சொன்னார். அட்டெண்டன்ட் அதட்டாமல் எடுத்துச் சொன்னார்:

"ஐயா கேக்கிறார், மாவுக்கட்டு போட்டிருந்தப்ப புள்ளைய எங்க படுக்க வச்சே?"

"சாமி படத்துக்குக் கீழதான்."

"அப்ப சாமிக்கு ஒண்ணும் ஆகல்லியே? இதுவும் மாவுக்கட்டுதானாம். கயிறு போட்டுக் கட்டுற மாவுக்கட்டு. ரோட்டுல போற செருப்பு இல்லியாம். முழிச்சிருக்கிற காலை நீ பாத்துக்குவே. தூங்குறப்பதான் ஒருத்தரும் பாக்காம அது பழைய எடத்துக்குப் போகுமாம். புள்ள வளர்றதும் தூக்கத்துலதான்."

வீட்டில் எத்தனை அறை, சாமி எங்கே, பாய் எங்கே என்பதையெல்லாம் ஓர் எலும்பு டாக்டர் காதுகொடுத்துக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னை மடைச்சி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வெட்டணுமாய்யா?" என்று மறுபடி கேட்டேன்.

அவர் பெருவிரலை அந்தப் பழைய இடத்தில் வைத்தார். மெல்லத் திருப்பினார். பாதம் முரண்டு பிடித்தது. கொஞ்சம் பொறுத்துத் திருப்பினார், இணங்கி வந்தது. "இல்ல. இன்னும் கொஞ்சம் கட்டுப் போடலாம். சரியா வரும். அதுக்குப் பிறகு ராவுல சப்பாத்து" என்றார். உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. அவர் காலில் விழுந்துவிடுவேனோ என்று பயந்து அட்டெண்டன்ட் என்னை வாங்கில் உட்காரவைத்தார்.

மறுபடி சில கிழமை மாவுக்கட்டு. மறுபடி பாதம் நேரானது. இந்தத் தடவை சப்பாத்தைக் கொண்டுவந்து, அடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்புக்கு எட்டக் காயவைத்து, நேராகக் காம்பராவுக்குள் கொண்டுபோனேன். நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அடியே, சாமி இருக்கிற எடத்துக்குச் சப்பாத்தா? குடும்பம் வெளங்குமா?"

"சாமிக்கும் ரெண்டு காலு இருக்குல்ல அண்ணி. அவருக்குப் புரியும். புரியலேன்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

சண்டை பெரிதாகும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வெளியே போனார். தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றோடு வந்து, எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு தட்டு அடித்து, முருகனை அங்கே ஏற்றிவைத்தார். "இப்ப சாமி மேல, சப்பாத்து கீழ. ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அபூர்வம். இருவரும் வாயை மூடினோம்.

முதல் சில நாள் பிள்ளை சப்பாத்தோடு தூங்க மறுத்து இரும்புப் பட்டையால் பாயை அடித்தாள். பிறகு பழகிவிட்டது. நாத்தனார் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு நாள் நான் தண்ணீர் எடுத்து வரும்போது பார்க்கிறேன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சப்பாத்தின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். முடிச்சு போட்டு முடிந்ததும் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்தார். பிள்ளையின் நெற்றியில் பூசினார். மிச்சத்தை இரண்டு சப்பாத்தின் மூக்கிலும் பூசினார். நான் பார்க்காதது போல வெளியே போய் நின்று வயிறு குலுங்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு கயிறு கட்டும் வேலை அவருடையதாகிவிட்டது. கிரகணத்தைப் பற்றிய பேச்சும் தானாக நின்றது.

மகள் மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் நடந்தாள். இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பிடியை விட்டு என்னைப் பார்த்து வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் முழுசாகத் தரையில் பட்டன. அவளைத் தூக்கி, அந்தப் பாதத்துக்கு எத்தனை முத்தம் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குக் கூச்சமாகிப்போய் என் மூக்கில் உதைத்தாள். நல்ல உதை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மூன்று வயதுக்கு மேல் சப்பாத்து வேண்டாம் என்றார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை வளர வளர எலும்பும் வளரும், பழைய புத்தி எப்போது எட்டிப்பார்க்கும் என்று தெரியாதாம். கடைசியாக நாங்கள் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு. பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அவரிடத்தில் வேறொரு டாக்டர். அவருக்கு நல்ல தமிழ் வந்தது. மகளின் ஆஸ்பத்திரி அட்டையை வாசித்தார். மகளை நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், குதிகாலில் நிற்கவும் குந்தி எழவும் சொன்னார். எல்லாம் செய்தாள். உற்றுப் பார்த்தால் இடது கெண்டைக்கால் கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். அதை அவரும் தடவிப் பார்த்து, அதனால் ஒன்றுமில்லை என்றார்.

பிறகு அட்டையை மூடிவைத்துவிட்டு, விளையாட்டாக அவளிடம் கேட்டார். "எந்தக் காலுக்கு மருந்து செஞ்சாங்க பாப்பா? காட்டு பாப்போம்."

மகள் குனிந்து இரண்டு காலையும் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு வலது காலை நீட்டினாள்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. "இனி கூட்டிட்டு வர வேண்டாம்மா" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தவள், "அம்மா, எந்தக் காலும்மா?" என்று கேட்டாள்.

"மறந்துபோச்சு" என்றேன். அவள் நம்பினாள். என் விரலை விட்டுவிட்டு, எங்கள் பஸ் நிற்கிறதா என்று பார்க்க முன்னால் ஓடினாள்.